எந்த வோல்ட், எந்த ஆம்பியர்? ஓம் விதிக் கணிப்பான் செயலி பற்றிய மதிப்புரை

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் என்னும் நான்கு அளவுகளில் எவையேனும் இரண்டைக் கொடுத்தால் மற்ற இரண்டையும் கணித்துத் தரும் சிறு செயலிகள் கைப்பேசியில் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெயரும் நிறமும் மாறினாலும் அவற்றின் உள்ளமைப்பு ஏறத்தாழ ஒன்றே என்பதால், நான் பயன்படுத்திப் பார்த்த செயலியின் பெயரைக் குறிப்பிடாமலேயே இம்மதிப்புரையை எழுதுகிறேன். இங்கே சொல்லப்படும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இவ்வகைக் கணிப்பான்கள் பலவற்றுக்கும் பொருந்தும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இச்செயலி கணக்கில் தவறுவதில்லை. ஆனால் தனக்குத் தரப்படும் வோல்ட் எந்த இரு புள்ளிகளுக்கு இடையே அளக்கப்பட்டது, ஆம்பியர் எந்தப் பாதையில் ஓடியது, அந்த மின்னோட்டம் நேர்த்திசையா மாறுதிசையா என்று அது கேட்பதில்லை. அவற்றைத் தாமே கேட்டுக்கொள்ளும் பழக்கம் உடையவருக்கு இது நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல கருவி. மற்றவர்கள் இதன் விடையைச் சற்று ஐயத்துடனேயே அணுக வேண்டும்.

செயலியைத் திறந்தவுடன் நான்கு பெட்டிகள் தெரிகின்றன. வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலகு இருக்கிறது; ஒவ்வோர் அலகுக்கும் அருகே மில்லி, கிலோ, மெகா போன்ற முன்னொட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் சிறு பட்டியல் இருக்கிறது. இரண்டு பெட்டிகளை நிரப்பினால் மற்ற இரண்டும் தாமாகவே நிரம்பிவிடுகின்றன. ‘கணக்கிடு’ என்ற பொத்தான்கூட இல்லை. பின்னணியில் இயங்குபவை இரண்டே உறவுகள்தாம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அவ்விரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். இவற்றை இடம் மாற்றி எழுதினால் பன்னிரண்டு வாய்பாடுகள் வரும். நான்கு அளவுகளில் எந்த இரண்டைக் கொடுத்தாலும் மற்றவற்றைக் கண்டறிய அவை போதும். 24 வோல்ட்டும் 0.5 ஆம்பியரும் கொடுத்தால் 48 ஓமும் 12 வாட்டும் வருகின்றன. அந்த 48 ஓமையும் 12 வாட்டையும் மட்டும் திருப்பிக் கொடுத்தால் மீண்டும் 24 வோல்ட்டும் 0.5 ஆம்பியரும் வந்து நிற்கின்றன. இப்படி ஆறு சேர்க்கைகளையும் சோதித்தேன், பிழையில்லை.

பெட்டிகளின் நடத்தையில் இரண்டு குறைகள் உண்டு. ஏற்கெனவே 10 வோல்ட், 2 ஆம்பியர் என்று நிரப்பியிருக்கும் நிலையில் மின்தடைப் பெட்டியில் 7 என்று எழுதினால், இம்மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று செயலி எச்சரிக்க வேண்டும். அது எச்சரிப்பதில்லை. கடைசியாகத் தொட்ட இரண்டு பெட்டிகளையே உண்மையாகக் கொண்டு, 10 வோல்ட்டை ஓசையின்றி 14 வோல்ட்டாக மாற்றிவிடுகிறது. அளந்து எழுதிய எண் எது, கணித்து வந்த எண் எது என்று நிற வேறுபாட்டால் காட்டியிருந்தால்கூடப் போதுமானதாக இருந்திருக்கும். இரண்டாவது, தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இட்டுப் பழகியவர்களுக்கு வரும் சிக்கல். 1,5 என்று எழுதினால் செயலி காற்புள்ளியை நீக்கிவிட்டு 15 என்று எடுத்துக்கொள்கிறது. மின்திறன் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் கணக்கில் இந்தப் பத்து மடங்கு பிழை நூறு மடங்காகிவிடும்.

அலகுத் தேர்வு தனியாகச் சொல்லத்தக்கது, ஏனெனில் இவ்வகைக் கணக்குகளில் நிகழும் பிழைகளில் பெரும்பங்கு முன்னொட்டில்தான் பிறக்கிறது. 12 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர் எடுக்கும் ஒரு சுமையின், அதாவது மின்சாரத்தைப் பயன்படுத்தும் சாதனத்தின், மின்தடை 240 ஓம். அது செலவிடும் திறன் 0.6 வாட். முன்னொட்டைத் தேர்ந்தெடுக்க மறந்து வெறும் 50 என்று எழுதினால் 0.24 ஓமும் 600 வாட்டும் திரையில் தோன்றும். அனுபவம் உள்ளவர் அந்த 600 வாட்டைப் பார்த்ததும் நின்றுவிடுவார். புதிதாகக் கற்பவர் அதை நோட்டில் எழுதிக்கொள்வார். கணிப்பானே இல்லாமல் சரிபார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை நேரே கிலோ ஓமில் வரும்; வோல்ட்டை மில்லி ஆம்பியரால் பெருக்கினால் விடை மில்லி வாட்டில் வரும். 12ஐ 50ஆல் வகுத்தால் 0.24 கிலோ ஓம். பெருக்கினால் 600 மில்லி வாட். மின்னணுச் சுற்றுகளில் வேலை செய்பவர்களுக்கு இந்த இணைகள் மனத்தில் ஊறிப்போயிருக்கும். செயலியும் இந்த இணைகளுக்கு ஏற்ப விடையின் முன்னொட்டைத் தானே தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது, 0.00024 மெகா ஓம் என்பது போன்ற விசித்திர வடிவங்கள் வருவதில்லை. அதற்காக இதை உருவாக்கியவர்களைப் பாராட்டலாம்.

இனி, கணிப்பான் கேட்காத கேள்விக்கு வருவோம். ஒரு மின்கலத்தின் முனைகளில் சுமை ஏதும் இல்லாதபோது 12.6 வோல்ட் இருக்கிறது. 10 ஆம்பியர் எடுக்கும் ஒரு சுமையை இணைத்தவுடன் அது 12.0 வோல்ட்டுக்கு இறங்குகிறது என்று கொள்வோம். 12.0 வோல்ட்டையும் 10 ஆம்பியரையும் செயலிக்குக் கொடுத்தால் 1.2 ஓம், 120 வாட் என்கிறது. இது சுமையின் மின்தடை, சுமை பெறும் திறன். 12.6 வோல்ட்டையும் 10 ஆம்பியரையும் கொடுத்தால் 1.26 ஓம், 126 வாட் என்கிறது. இது மின்கலத்தின் உள்ளே இருப்பதையும் சேர்த்த மொத்தச் சுற்றின் மின்தடை, மின்கலம் வேதிவினையால் வெளியிடும் மொத்தத் திறன். இரண்டின் வேறுபாடான 0.6 வோல்ட்டை 10 ஆம்பியரோடு கொடுத்தால் 0.06 ஓம், 6 வாட் என்கிறது. இது மின்கலத்தின் அகமின்தடை, மின்கலத்துக்குள்ளேயே வெப்பமாக வீணாகும் திறன். மூன்றும் சரியான விடைகள். 120உம் 6உம் சேர்ந்து 126 ஆவதும், 1.2உம் 0.06உம் சேர்ந்து 1.26 ஆவதும் கணக்கு ஒழுங்காக இருப்பதையே காட்டுகின்றன. ஆயினும் மின்கலம் தேய்ந்துவிட்டதா என்று அறிய விரும்பும் ஒருவருக்கு அவற்றில் மூன்றாவது மட்டுமே பயன்படும். அதைப் பெற, கழித்தலை அவரே செய்து, வேறுபாட்டை மட்டும் பெட்டியில் எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மின்னழுத்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ‘சுமையின்றி’, ‘சுமையோடு’ என்ற இரண்டு சிறு இடங்கள் இருந்திருந்தால் செயலியின் மதிப்பு பன்மடங்கு கூடியிருக்கும்.

நீண்ட கம்பிகளில் ஏற்படும் இழப்புக்கும் இதே முறைதான். 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில் போக 10 மீட்டர், வர 10 மீட்டர் என்று 20 மீட்டர் நீளத்துக்கு மின்தடை ஏறத்தாழ 0.23 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 2.3 வோல்ட் கம்பியிலேயே இறங்கும். 23 வாட் வெப்பமாகும். இங்கே கணிப்பானுக்குத் தர வேண்டியது கம்பியில் இறங்கிய 2.3 வோல்ட்டே தவிர, மின்வழங்கலின் முழு மின்னழுத்தம் அன்று.

இச்செயலி உண்மையிலேயே சிறப்பாக உதவும் இடம் ஒன்று உண்டு. மிகச் சிறிய மின்தடைகளை அளப்பதே அது. சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீடு 0.1 ஓமுக்குக் கீழே நம்பத்தக்கதன்று, ஏனெனில் மீட்டரின் கம்பிகளுக்கும் முனைகளின் தொடுகைக்கும் மட்டுமே ஓமில் சில பத்தில் ஒரு பங்கு மின்தடை இருக்கும். ஒரு சுவிட்சின் தொடுகையையோ, தடித்த கம்பிச்சுருளையோ, துருப்பிடித்த இணைப்பையோ அந்த வழியில் அளந்தால், அளக்க விரும்பிய பொருளைவிட மீட்டரின் கம்பிகளையே அதிகம் அளந்திருப்போம். அதற்குப் பதிலாக, அப்பொருளின் வழியே தெரிந்த ஒரு மின்னோட்டத்தைச் செலுத்தி, வோல்ட்மீட்டரின் முனைகளை மின்னோட்டம் வரும் கிளிப்புகளின் மேல் வைக்காமல் பொருளின் உடலிலேயே வைத்து மின்னழுத்தத்தை அளக்கலாம். 2 ஆம்பியர் ஓடும்போது 86 மில்லி வோல்ட் காட்டினால், செயலி 0.043 ஓம் என்றும் 0.172 வாட் என்றும் சொல்லும். நான்கு கம்பி முறை அல்லது கெல்வின் முறை என்று இதற்குப் பெயர். வோல்ட்மீட்டரின் கம்பிகளில் ஏறக்குறைய மின்னோட்டமே ஓடாததால் அவற்றின் மின்தடை கணக்கில் நுழைவதில்லை. இந்த வேலைக்கு ஆம்பியர், மில்லி வோல்ட், மில்லி ஓம் என்று முன்னொட்டு உள்ள அலகுகளும் இல்லாத அலகும் ஒரே கணக்கில் கலந்து வருவதால், கையால் போடுவதைவிடச் செயலியில் போடுவது பாதுகாப்பானது. திறன் பெட்டியும் இங்கே வீண் அன்று. அளவிடும் மின்னோட்டமே பொருளைச் சூடாக்கி அதன் மின்தடையை மாற்றிவிடுகிறதா என்று அந்த 0.172 வாட்டைப் பார்த்து முடிவுசெய்யலாம்.

மீட்டர்களை இணைக்கும் வரிசையும் விடையை மாற்றும் என்பதைச் செயலியின் விளக்கப் பக்கம் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். மில்லி ஆம்பியர் அளவீட்டில் அம்மீட்டருக்குள் (மின்னோட்டத்தை அளக்கும் கருவிக்குள்) 1 ஓம் மின்தடை இருப்பதாகக் கொண்டால், 10 ஓம் மின்தடையத்தையும் அம்மீட்டரையும் சேர்த்து அவற்றின் குறுக்கே வோல்ட்மீட்டரை வைக்கும்போது கணிப்பான் 11 ஓம் என்று சொல்லும். வோல்ட்மீட்டரை மின்தடையத்துக்கு நேராகக் குறுக்கே வைத்தால் 10 ஓம் வரும். ஆனால் இதே பழக்கத்தை 5 மெகா ஓம் மின்தடையத்துக்குக் கொண்டுசென்றால் நிலைமை தலைகீழாகிவிடும். டிஜிட்டல் வோல்ட்மீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். அது மின்தடையத்தோடு பக்க இணைப்பில் சேர்ந்து, செயலியில் 3.33 மெகா ஓம் என்ற விடையைத் தரும். சிறிய மின்தடைக்கு வோல்ட்மீட்டரை உட்புறமும், பெரிய மின்தடைக்கு அம்மீட்டரை உட்புறமும் வைப்பது ஆய்வகங்களில் பழைய வழக்கம். இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்றும் விளக்கப் பக்கத்தில் இல்லை. ஆம்பியர் அளக்கும் நிலையில் வைத்த மல்டிமீட்டரை மின்வழங்கலின் இரு முனைகளுக்கும் குறுக்கே நேரடியாக வைப்பது குறுக்குச்சுற்றுக்கு ஒப்பானது. பயனரிடம் ஆம்பியரைக் கேட்கும் ஒரு செயலி, அந்த ஆம்பியரை எப்படிப் பாதுகாப்பாகப் பெறுவது என்பதையும், வீட்டு மின்சாரத்தில் சுற்றை அறுக்காமல், கம்பியைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருக்கிறது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டது என்றே கருதுகிறேன்.

விடையில் காட்டப்படும் இலக்கங்களின் எண்ணிக்கை எனக்குச் சிறிது எரிச்சலையே தந்தது. 12.1 வோல்ட், 0.35 ஆம்பியர் என்று கொடுத்தால் 34.5714286 ஓம் என்று வருகிறது. மீட்டர் காட்டும் கடைசி இலக்கத்தில் பாதி அளவு ஐயம் இருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொண்டாலும், உண்மையான மின்னழுத்தம் 12.05க்கும் 12.15க்கும் இடையிலும், மின்னோட்டம் 0.345க்கும் 0.355க்கும் இடையிலும் இருக்கலாம். ஆகவே மின்தடை 33.9 முதல் 35.2 ஓம் வரை எதுவாகவும் இருக்கலாம். புள்ளிக்குப் பின்னால் வரும் ஏழு இலக்கங்களில் முதலாவதே ஐயத்துக்குரியது. வகுத்தலிலும் பெருக்கலிலும் விழுக்காட்டுப் பிழைகள் மோசமான நிலையில் ஒன்றோடொன்று கூடும். மின்னழுத்தத்தில் 1 விழுக்காடும் மின்னோட்டத்தில் 2 விழுக்காடும் பிழை இருந்தால் மின்தடையிலும் திறனிலும் 3 விழுக்காடு வரை பிழை வரலாம். மின்தடையையும் மின்னோட்டத்தையும் கொண்டு திறனைக் கணக்கிட்டால் மின்னோட்டத்தின் பிழை இரட்டிப்பாகிவிடும், ஏனெனில் அங்கே அது இருமடியாக நுழைகிறது. விடையை வேண்டிய அளவு முக்கிய எண்ணுருக்களுக்கு, அதாவது நம்பத்தக்க இலக்கங்களுக்கு, சுருக்கிக் காட்டும் வசதி பல அறிவியல் கணிப்பான்களில் ஏதோ ஒரு வடிவில் உண்டு. இங்கே அது இல்லை.

விளக்கப் பக்கத்தில் ஓம் விதியை வெளியிட்ட கியோர்க் சைமன் ஓமின் படத்தையும் அது வெளியான 1827 என்ற ஆண்டையும் போட்டு, மின்தடை என்பது ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓர் எண் என்று எழுதியிருக்கிறார்கள். ஓம் அப்படிச் சொல்லும் நிலையில் இருக்கவில்லை. வோல்டா வகை மின்கலங்களை வைத்துத் தொடங்கிய அவருடைய சோதனைகளில், மின்கலத்தின் மின்னழுத்தம் நிலையாக நிற்காததால் முடிவுகள் குழம்பின. பிறகு இயற்பியலாளர் போகன்டார்ஃபின் யோசனைப்படி பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டைக்கு, அதாவது இரு சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்புக்கு, மாறினார். ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மறு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்ததால்தான் அசையாத ஒரு மின்னழுத்தம் கிடைத்தது. அதன் பிறகே உலோகக் கம்பிகளின் நீளத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள உறவு அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த உறவு, வெப்பநிலை மாறாத உலோகக் கடத்திகளுக்கு உரியது. செம்பின் மின்தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 20 பாகையில் அளந்த ஒரு சுருள் 70 பாகைக்குச் சூடானால் அதன் மின்தடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்திருக்கும்.

டங்ஸ்டன் இழை விளக்கில் இந்த மாற்றம் இன்னும் பெரிது. 12 வோல்ட், 55 வாட் என்று குறிக்கப்பட்ட ஒரு வாகன விளக்கைச் செயலியில் இட்டால் 4.58 ஆம்பியர், 2.62 ஓம் என்கிறது. அணைந்து குளிர்ந்திருக்கும் அதே விளக்கை நேராக அளந்தால் ஓமில் சில பத்தில் ஒரு பங்கே இருக்கும், ஏனெனில் வெண்சூட்டில் டங்ஸ்டனின் மின்தடை அறை வெப்பநிலையில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். குளிர்ந்த நிலையில் 0.2 ஓம் என்று கொண்டு 12 வோல்ட்டோடு செயலிக்குக் கொடுத்தால் 60 ஆம்பியர், 720 வாட் என்ற விடை வரும். இது முற்றிலும் பொய்யன்று. கம்பிகளின் மின்தடையைப் புறக்கணித்தால், விளக்கைப் போட்ட அந்தக் கணத்தில் பாய முனையும் மின்னோட்டம் அதுவே. இழை விளக்குகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் கணத்தில் கருகிப்போவதற்கும் இதில் பங்குண்டு. ஆனால் எரியும் விளக்கின் திறனை அறிய விரும்பியவருக்கு அந்த எண் பயனற்றது.

ஒளியுமிழ் டையோடில், அதாவது எல்இடியில், சிக்கல் வேறு வகையானது. சிவப்பு எல்இடி ஒன்றில் 20 மில்லி ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் இருப்பதாகக் கொண்டால் செயலி 100 ஓம், 40 மில்லி வாட் என்கிறது. அந்த 40 மில்லி வாட் உண்மை. 100 ஓம் என்பது அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் பொருந்தும் விகிதம். அதை நம்பி 4 வோல்ட் கொடுத்தால் 40 மில்லி ஆம்பியர் ஓடும் என்று கணக்கிட்டால் எல்இடி எரிந்துபோகும், ஏனெனில் டையோடில் மின்னழுத்தம் சிறிதளவு உயர்ந்தாலே மின்னோட்டம் பன்மடங்கு பாயும். 9 வோல்ட் மின்கலத்தோடு அதை இணைக்கத் தேவையான மின்தடையத்தைக் கண்டறியப் பலர் 9 வோல்ட்டையும் 20 மில்லி ஆம்பியரையும் நேரே இட்டு 450 ஓம், 0.18 வாட் என்று பெறுகிறார்கள். மின்தடையத்தின் குறுக்கே இருப்பது 9 வோல்ட் அன்று, 7 வோல்ட். ஆகவே 350 ஓம், 0.14 வாட் என்பதே உரிய விடை. 350 ஓம் என்ற மதிப்பு வழக்கமான வரிசையில் இல்லாததால் 360 ஓம் போட்டால் 19.4 மில்லி ஆம்பியர் ஓடும். கால் வாட் மின்தடையம் போதும். 0.18 வாட் என்பது எல்இடியும் மின்தடையமும் சேர்ந்து செலவிடும் திறன். இதிலிருந்து ஒரு பொது வேறுபாடு தெரிகிறது. நேர்த்திசை மின்னோட்டத்தில் திறன் பெட்டி எந்தச் சாதனத்துக்கும் பொய் சொல்லாது. மின்தடைப் பெட்டிதான் சாதனத்தின் இயல்பைப் பொறுத்துப் பொருளுள்ளதாகவோ பொருளற்றதாகவோ மாறுகிறது.

செயலியில் நான் மிகவும் விரும்பிக் காத்திருக்கும் வசதி, ஒரு பெட்டியைப் பூட்டி வைக்கும் வசதி. 230 வோல்ட்டில் 1000 வாட் எடுக்கும் ஒரு வெப்பமூட்டியின் மின்தடை 52.9 ஓம். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்து 207 வோல்ட் ஆனால் திறன் என்னவாகும் என்று பார்க்க, மின்தடையை நிலையாக வைத்துக்கொண்டு மின்னழுத்தத்தை மாற்ற வேண்டும். விடை 810 வாட். ஆனால் 1000 வாட் என்பது பெட்டியில் அப்படியே இருக்க, 230ஐ மட்டும் அழித்து 207 என்று எழுதினால், செயலி 4.83 ஆம்பியர், 42.8 ஓம் என்று காட்டுகிறது. மின்னழுத்தம் குறைந்ததால் வெப்பமூட்டி தன் மின்தடையைக் குறைத்துக்கொண்டு அதிக மின்னோட்டம் இழுத்ததாக இதற்குப் பொருள். வெப்பமூட்டி அப்படிச் செய்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், மடிக்கணினியின் மின்வழங்கியைப் போன்று வெளியீட்டை நிலைப்படுத்தும் சாதனங்கள் ஏறத்தாழ அப்படித்தான் செய்யும்; உள்ளே வரும் மின்னழுத்தம் குறைந்தால் அவை கூடுதல் மின்னோட்டம் எடுத்துத் திறனைக் காத்துக்கொள்ளும். ஒரே நான்கு பெட்டிகள் இரு வேறு சாதனங்களின் நடத்தையைக் காட்டுகின்றன. எதைக் காட்டுகிறோம் என்பது, பயனர் எந்தப் பெட்டியை மாறாததாக விட்டுவைத்தார் என்ற தற்செயலைப் பொறுத்திருக்கிறது.

மாறுதிசை மின்னோட்டத்துக்கு இச்செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெப்பமூட்டி, இழை விளக்கு போன்ற தூய மின்தடைச் சுமைகள் மட்டும் விதிவிலக்கு. 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுக்கும் ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் திறன் காரணி, அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையில் செலவாகும் பங்கு, 0.7 என்க. செயலி 690 வாட், 76.7 ஓம் என்கிறது. 690 என்பது வாட் அன்று, வோல்ட்-ஆம்பியர். தோற்றத் திறன் என்று அதைச் சொல்வார்கள். மோட்டார் உண்மையில் எடுப்பது 483 வாட். 76.7 ஓம் என்பதும் மின்தடை அன்று, மின்னெதிர்ப்பு; அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு மோட்டார் காட்டும் மொத்த எதிர்ப்பு. கம்பிச்சுருளை மீட்டரால் அளந்து அந்த எண்ணை எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார், ஏனெனில் சுருளின் மின்தடை அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். ஓடும் மோட்டார் எடுக்கும் 483 வாட்டில் பெரும்பகுதி அச்சைச் சுழற்றும் வேலையாகப் போகிறது, சுருளில் வெப்பமாக அன்று. சுருளில் வீணாகும் வெப்பத்தை அறிய, அளந்த சுருள் மின்தடையையும் 3 ஆம்பியரையும் கொடுத்தால் செயலி சரியான விடை தரும். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும் என்று ஜூல் 1841இல் வெளியிட்ட விதி மாறுதிசையிலும் ஆர்எம்எஸ் மதிப்புகளுக்கு, அதாவது அதே வெப்பத்தைத் தரும் நேர்த்திசை மின்னோட்டத்துக்கு இணையான மதிப்புகளுக்கு, அப்படியே பொருந்தும்.

எல்இடி விளக்குகளிலும் மின்னேற்றிகளிலும் நிலைமை இன்னும் சிக்கலானது. அவை மின்னோட்டத்தை அலையின் உச்சியில் மட்டும் குறுகிய துடிப்புகளாக இழுப்பதால், சைன் அலைக்கென்று அளவு குறிக்கப்பட்ட எளிய மீட்டர் அந்த மின்னோட்டத்தைக் குறைத்துக் காட்டுவது வழக்கம். உண்மை ஆர்எம்எஸ் மீட்டர் இருந்தாலும், அது காட்டும் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் கிடைப்பது தோற்றத் திறன் மட்டுமே. இத்தகைய சாதனங்களுக்குச் செருகியில் இணைக்கும் வாட்மீட்டரே ஏற்றது. ஒவ்வொரு கணத்திலும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒருசேர அளந்து பெருக்கி, அந்தப் பெருக்கல்களின் சராசரியை அது காட்டுகிறது. கணிப்பானில் ‘திறன் காரணி’ என்று ஐந்தாவது பெட்டி ஒன்று இருந்தால், அதன் தொடக்க மதிப்பு 1 என்று இருந்தாலும்கூட, இப்படி ஒன்று இருக்கிறது என்பதையாவது பயனர் அறிந்துகொள்வார்.

மற்றவை சிறியவை. இணைய இணைப்பு இல்லாமலும் இயங்குகிறது. கைப்பேசியின் தொடர்புப் பட்டியலையோ இருப்பிடத்தையோ கேட்பதில்லை. மின்னோட்டப் பெட்டியில் சுழியம் இட்டால் மின்தடைப் பெட்டியில் முடிவிலிக் குறி தோன்றுகிறது. திறந்த சுற்றுக்கு அது பொருத்தமானதே. மின்னழுத்தத்துக்கும் சுழியம் கொடுத்தால் ‘எண் அல்ல’ என்று வருகிறது, அதுவும் சரியே. எழுத்துகள் பெரிதாக இருப்பதால், ஒரு கையில் மீட்டரின் முனைகளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எண்களைத் தட்டுவது கடினமாக இல்லை. விடைகளைச் சேமித்து வைக்கும் பட்டியல் உண்டு. ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் பெயரிட முடியாததால், சில நாள் கழித்துத் திறந்தால் எந்தக் கணக்கு எந்தச் சாதனத்துக்குரியது என்று தெரியாமல் வெறும் எண்களாகக் கிடக்கின்றன. விடையைத் தொட்டு நகலெடுத்தால் எண் மட்டுமே நகலாகிறது. முன்னொட்டும் அலகும் வருவதில்லை. 43 மில்லி ஓம் என்று திரையில் இருந்தது வேறொருவருக்கு அனுப்பும் செய்தியில் வெறும் 43 என்று போய்ச்சேருகிறது. அடுத்த பதிப்பில் வேறெதைச் செய்யாவிட்டாலும், இதை மட்டுமாவது திருத்த வேண்டும்.